நாளை யார் ஜெயிப்பார்கள்? ஆசை பிரான்ஸ், கணக்கு அர்ஜென்டினா



17-12-2022, சனிக்கிழமை. போலகம்.

புதன்கிழமை இரவு பிரான்ஸ் மொராக்கோவை ஜெயித்ததிலிருந்து என் போனில் ஒரே கேள்விதான். "சார், ஃபைனல்ல யாரு சார்?" துபாயிலிருந்து கேட்கிறார்கள், திருப்பூரிலிருந்து கேட்கிறார்கள், திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் காய் வாங்கும்போது கேட்கிறார்கள். பாரிஸ் பக்கத்து உறவுகள் கேட்கவே இல்லை. அவர்களுக்குப் பதில் தெரியுமாம். "பிரான்ஸ்தான் சித்தப்பா, இதுல என்ன கேள்வி?" என்கிறான் அண்ணன் மகன்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாததால் இங்கேயே எழுதிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவன். அதனால் விடையை மட்டும் எழுதிவிட்டுப் போக மாட்டேன், வழிமுறையும் இருக்கும். அவசரக்காரர்களுக்கு மட்டும் முதலிலேயே விடை: அர்ஜென்டினா. 90 நிமிடத்தில் 1-1, கூடுதல் நேரத்தில் 2-1. நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் அர்ஜென்டினாவுக்கு 55, பிரான்சுக்கு 45. அதற்கு மேல் ஒரு பங்குகூடச் சொல்ல மாட்டேன்.

இனி வழிமுறை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். என் ஆசை பிரான்ஸ். எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவர் காலமான பிறகு பெரியம்மாவுக்கு வந்த பென்ஷனில்தான் எங்கள் வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்கால் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்த வீடும் எழுதிக் கொடுக்காத வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் இவை. எனவே நாளைக்குப் பிரான்ஸ் ஜெயித்தால் எனக்கு வருத்தம் இருக்காது.

ஆனால் நீங்கள் கேட்டது "யார் ஜெயிக்க வேண்டும்" என்று அல்ல, "யார் ஜெயிப்பார்கள்" என்று. இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு மனசு பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு மனசைக் கேட்கக் கூடாது. நம்மில் பெரும்பாலோர் முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவது கேள்வியின் கீழே எழுதிவிடுகிறோம். பரீட்சையில் கேள்வி எண்ணை மாற்றிப் போட்டு எழுதுவது போலத்தான்.

கணிப்பு என்றால் என்ன என்பதற்குப் போன வாரமே நமக்கு ஒரு பாடம் நடந்தது. மாண்டஸ் புயல். வானிலை மையம் "புதுச்சேரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே, மாமல்லபுரத்தை ஒட்டி, 9-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில்" என்றது. அப்படியே நடந்தது. அவர்கள் ஒரு ஊரின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை என்று ஒரு அகலமும் சொன்னார்கள். நம் கரையில் வாழ்கிறவர்களுக்கு அந்த அகலத்தின் அருமை தெரியும். கஜா புயலின்போது கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று ஆரம்பித்தது, கடைசியில் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் வந்து சேர்ந்தது. அகலம் சொல்லாத கணிப்பு ஜோசியம். அதனால்தான் 55, 45 என்று எழுதினேன்.

ஜோசியம் என்றதும் சில பிள்ளைகளுக்கு பால் என்ற ஆக்டோபஸ் நினைவுக்கு வரும். 2010 உலகக் கோப்பையில் எட்டு ஆட்டம், எட்டும் சரி. அதே சமயம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நம் தமிழ்க் கிளி ஜோசியக்காரரின் கிளி மணியும் காலிறுதி நான்கையும் சரியாக எடுத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. ஃபைனலுக்கு ஆக்டோபஸ் ஸ்பெயின் என்றது, மணி நெதர்லாந்து என்றது. ஸ்பெயின் ஜெயித்தது. மணிக்கு மவுசு போயிற்று.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு நிகழ்தகவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டியில் ஒன்றை எடுப்பதை எட்டு முறை சரியாகச் செய்ய வாய்ப்பு 256-இல் ஒன்று. உலகம் பூராவும் ஆமை, யானை, கிளி, நாய் என்று ஆயிரக்கணக்கில் ஜோசியம் சொல்ல உட்கார வைத்தால் மூன்று நான்காவது எட்டும் சரியாகச் சொல்லியே தீரும். சொன்னதைப் படம் பிடிப்பார்கள். சொல்லாததை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் "இவர் சொன்னால் பலிக்கும்" என்று வருகிற மனிதர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

இரண்டு டீமும் இதுவரை ஆறு ஆட்டம் ஆடியிருக்கின்றன. அர்ஜென்டினா அடித்தது 12 கோல், வாங்கியது 5. பிரான்ஸ் அடித்தது 13, வாங்கியது 5. இரண்டும் ஒரு ஆட்டம் தோற்றிருக்கின்றன. அர்ஜென்டினா சவுதி அரேபியாவிடம் 1-2, பிரான்ஸ் துனிசியாவிடம் 0-1. மெஸ்ஸி 5 கோல், எம்பாப்பே 5 கோல். அல்வாரெஸ் 4, ஜிரூ 4. தராசு முள் நடுவில் நிற்கிறது. வெறும் எண்ணிக்கையை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. யாராவது "ஒன் சைடு மேட்ச்" என்று சொன்னால் அவர் ஆட்டங்களைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எண்ணிக்கை சமமாக இருக்கும்போது, அந்த எண்கள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். அங்கே வித்தியாசம் இருக்கிறது.

ஒன்று. தோல்விக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பது.

நவம்பர் 22-ஆம் தேதி சவுதியிடம் தோற்றதுமே அர்ஜென்டினாவின் கதை முடிந்தது என்றார்கள். அதற்கு முன் 36 ஆட்டம் தோற்காமல் வந்தவர்கள். 44 வயதுக் கோச் ஸ்கலோனி பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆள் மாற்றினார். இரண்டாவது ஆட்டத்தில் மெக் அலிஸ்டர் ஆரம்பத்திலேயே இறங்கினார். மூன்றாவது ஆட்டத்தில் 21 வயது என்சோ ஃபெர்னாண்டஸும் 22 வயது அல்வாரெஸும் இறங்கினார்கள். மெஸ்ஸிக்கு வயது 35. அவரால் 90 நிமிடமும் ஓட முடியாது. அவருக்காக ஓடுவதற்கு இந்த இளசுகள் கிடைத்தார்கள். அதன்பிறகு மெக்சிகோவை 2-0, போலந்தை 2-0, ஆஸ்திரேலியாவை 2-1, நெதர்லாந்தை ஷூட் அவுட்டில், குரோஷியாவை 3-0. சவுதியிடம் தோற்ற டீமும் நாளை ஆடப்போகும் டீமும் பெயரில்தான் ஒன்று. காலாண்டில் தோற்றுவிட்டு, ஏன் தோற்றோம் என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு அரையாண்டு எழுத வருகிற பையனை நான் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

பிரான்சையும் குறைத்துச் சொல்ல முடியாது. பென்சிமா இல்லை, போக்பா இல்லை, காண்டே இல்லை, என்குன்கு இல்லை. முதல் ஆட்டத்திலேயே லூகாஸ் ஹெர்னாண்டஸ் காயப்பட்டு வெளியே போனார். அவருடைய தம்பி தியோ உள்ளே வந்தார். இத்தனை பேர் இல்லாமல் ஃபைனல் வரை வந்திருக்கிறது என்றால் அந்த நாட்டில் எத்தனை ஆட்டக்காரர்கள் விளைகிறார்கள் பாருங்கள். கோல் அடிக்கும் இடத்தில் ஆடிய கிரீஸ்மேனை டெஷாம்ப்ஸ் நடுக்களத்துக்கு இறக்கினார். இந்த உலகக் கோப்பையின் சிறந்த முடிவுகளில் ஒன்று அது. மொராக்கோ ஆட்டத்தில் அவர் தன் கோல் பக்கம் வந்து காப்பாற்றியதைப் பார்த்தீர்கள்.

இரண்டு. மைதானத்தின் ஒரு ஓரம். என் கணக்கின் மையம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

பிரான்சின் இடது ஓரத்தில் எம்பாப்பே ஆடுகிறார். உலகத்திலேயே ஆபத்தான ஆள் அவர். ஆனால் பந்து எதிராளியிடம் போனால் அவர் பின்னால் வந்து உதவுவது குறைவு. அடுத்த ஓட்டத்துக்காக முன்னாலேயே நிற்பார். அவருக்குப் பின்னால் இருக்கும் தியோ ஹெர்னாண்டஸும் முன்னேறி ஆட விரும்புகிறவர். ஆக, அந்த ஓரத்தில் இடம் கிடைக்கும். இங்கிலாந்து ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். முதல் பெனால்டி அந்தப் பக்கமாக உள்ளே வந்த சாகாவைத் தட்டிவிட்டதால் வந்தது. இரண்டாவது பெனால்டி தியோவே மவுன்ட்டைத் தள்ளியதால் வந்தது. கேன் அதை மேலே அடித்ததால் பிரான்ஸ் பிழைத்தது. மொராக்கோவும் அதே பக்கம் ஹக்கிமி, சியேச் வழியாகத் தொல்லை கொடுத்தது. கடைசியில் டெஷாம்ப்ஸ் ஜிரூவை வெளியே எடுத்து, துராமை இடது ஓரத்தில் இறக்கி, எம்பாப்பேவை நடுவுக்கு மாற்றினார். கோச்சுக்கே அந்த ஓட்டை தெரிகிறது என்று அர்த்தம்.

இப்போது அர்ஜென்டினாவைப் பாருங்கள். அவர்களுடைய வலது பக்கம்தான் பிரான்சின் இடது பக்கம். மெஸ்ஸி அடிக்கடி ஒதுங்கி நிற்கும் இடம் அது. டி பால் உழைக்கும் இடம். மொலினா ஓடிவரும் இடம். நெதர்லாந்துக்கு எதிராக மொலினா அடித்த கோல் மெஸ்ஸி கொடுத்த பந்து. குரோஷியாவுக்கு எதிரான மூன்றாவது கோலில், மெஸ்ஸி அதே வலது ஓரமாகக் குவார்டியோலை இழுத்துக்கொண்டு போய் அல்வாரெஸுக்குத் தள்ளினாரே, அதை எத்தனை முறை பார்த்தேன் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். பிரான்சின் ஓட்டையும் அர்ஜென்டினாவின் பலமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இந்த வாதத்தைத் திருப்பியும் போடலாம். மொலினா முன்னே ஓடினால் அவர் விட்டுவந்த இடத்தில் எம்பாப்பே இருப்பார். 2018 ஜூன் 30, கசான் நகரத்தில் இதே இரண்டு டீமும் மோதின. பிரான்ஸ் 4-3. அன்றைக்கு 19 வயதுப் பையன் தன் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை யாரும் மறக்க முடியாது. ரோஹோ பிடித்து இழுத்துத்தான் நிறுத்தினார், பெனால்டி. பிறகு நான்கு நிமிடத்தில் இரண்டு கோல். எனவே அந்த ஓரம் இரண்டு வயலுக்கும் நடுவில் உள்ள வாய்க்கால் மாதிரி. மடை உடைந்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தண்ணீர் பாயும். 45 சதவீதத்தைப் பிரான்சுக்கு வைத்திருப்பதில் பெரும்பகுதி அந்த ஒரு ஆளுக்காகத்தான். நாளை மறுநாள் கழித்து, 20-ஆம் தேதி, அவருக்கு 24 வயது முடிகிறது.

மூன்று. நீண்ட ஆட்டம்.

1994 முதல் 2018 வரை ஏழு ஃபைனல் நடந்திருக்கிறது. அதில் 1994, 2006, 2010, 2014 ஆகிய நான்கும் 90 நிமிடத்தில் முடியவில்லை. ஃபைனலில் யாரும் துணிந்து ஆட மாட்டார்கள். தோற்றால் நான்கு வருடம் காத்திருக்க வேண்டும், பலருக்கு அந்த நான்கு வருடமும் கிடையாது. நாளையும் நீளும் என்றே நினைக்கிறேன். நீண்டால் யாருக்கு நல்லது?

பிரெஞ்சு முகாமில் காய்ச்சல், இருமல். செமி ஃபைனலிலேயே உபமெகானோவும் ரபியோவும் ஆடவில்லை. நேற்று வந்த செய்தியில் வரானும் கொனாத்தேவும் கொமானும் பயிற்சிக்கு வரவில்லை. நாளைக்கு எல்லாரும் எழுந்து வந்துவிடலாம். ஆனால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் நூறாவது நிமிடத்தில் எப்படி ஓடுவான் என்று நமக்குத் தெரியாதா?

ஷூட் அவுட் வரை போனால் இன்னும் தெளிவு. உலகக் கோப்பையில் அர்ஜென்டினா இதுவரை ஆறு ஷூட் அவுட் பார்த்திருக்கிறது, ஐந்தில் ஜெயித்திருக்கிறது. 2006-இல் ஜெர்மனியிடம் மட்டும் தோல்வி. பிரான்ஸ் நான்கில் இரண்டு. தோற்ற இரண்டில் ஒன்று 2006 ஃபைனல். போன வருடம் யூரோவில் சுவிட்சர்லாந்திடம் 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, சமநிலையாகி, ஷூட் அவுட்டில் வெளியே போனது. கடைசிப் பந்தை அடித்துத் தடுக்கப்பட்டவர் எம்பாப்பே. அந்தப் பக்கம் அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் 2021 கோப்பா அமெரிக்கா செமி ஃபைனலில் கொலம்பியாவின் மூன்று பெனால்டியைத் தடுத்தவர். நெதர்லாந்தின் முதல் இரண்டையும் தடுத்தார். மாண்டஸ் கரையைக் கடந்துகொண்டிருந்த அதே இரவில் நடந்த ஆட்டம் அது. காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டிருக்க, விடிய விடிய பார்த்தவர்கள் எனக்கு மெசேஜ் போட்டது நினைவிருக்கிறது.

நான்கு. அர்ஜென்டினாவின் வியாதி. இதை மறைத்தால் கணக்கு தப்பாகிவிடும்.

அவர்களுக்கு முன்னிலையைக் காப்பாற்றத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவிடம் 2-0. பிறகு ஒரு கோல் வாங்கி, கடைசி விநாடியில் மார்ட்டினெஸ் பாய்ந்து தடுத்திருக்காவிட்டால் கூடுதல் நேரம்தான். நெதர்லாந்திடமும் 2-0. 83-ஆவது நிமிடத்தில் ஒன்று, 90-ஐத் தாண்டிப் பதினோராவது நிமிடத்தில் இன்னொன்று. அதனால் நாளை அர்ஜென்டினா முன்னால் போனாலும் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நான் 90 நிமிடத்தில் 1-1 என்று எழுதியதற்கு இதுதான் காரணம். இவர்கள் ஒன்று அடிப்பார்கள், கடைசிக் கால் மணி நேரத்தில் பிரான்ஸ் திருப்பி அடிக்கும்.

இன்னும் ஒரு பெயர்: டி மரியா. 2008 ஒலிம்பிக் ஃபைனலில் கோல். 2021 கோப்பா ஃபைனலில் பிரேசிலுக்கு எதிரான ஒரே கோல். இந்த ஜூனில் இத்தாலிக்கு எதிரான ஃபைனலிசிமாவில் கோல். 2014 உலகக் கோப்பை ஃபைனலில் காயத்தால் ஆட முடியவில்லை, அர்ஜென்டினா தோற்றது. காயத்தால் செமி ஃபைனலிலும் உட்கார்ந்தே இருந்தார். ஸ்கலோனி அவரை ஆரம்பத்தில் இறக்குவாரா, பிற்பாதிக்கு வைத்துக்கொள்வாரா என்பது அவர் மனசுக்குத்தான் வெளிச்சம். இறங்கினால் என் 55-ஐ 57 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கில் சேர்க்காத சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 1962-இல் பிரேசிலுக்குப் பிறகு யாரும் கோப்பையைத் தக்க வைத்ததில்லை. அதன்பின் நடப்பு சாம்பியனாக ஃபைனலுக்கு வந்த அர்ஜென்டினா 1990-இல் தோற்றது, பிரேசில் 1998-இல் தோற்றது. இதைச் "சாபம்" என்கிறார்கள். இரண்டு உதாரணத்தை வைத்து விதி எழுதக் கூடாது என்று எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதேபோல "மெஸ்ஸிக்கு இது கடைசி, கடவுள் கொடுப்பார்" என்பதும் கணக்கில் வராது. 2014-லும் அப்படித்தான் சொன்னார்கள். 113-ஆவது நிமிடத்தில் கெட்ஸே அடித்தார். பந்துக்கு யாருடைய கண்ணீரும் தெரியாது.

இங்கே இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று நம் மாணவர்களுக்கு, ஒன்று எல்லாருக்கும்.

மாணவர்களில் சிலர் மூன்று நாளாக ஒரு படத்தைப் பகிர்கிறீர்கள். பிரெஞ்சு டீம் போட்டோவைப் போட்டு "இது பிரான்ஸா, ஆப்பிரிக்காவா?" என்று கேலி. ஆட்டத்தில் கிண்டல் இருக்கலாம், இது கிண்டலில் சேராது. எம்பாப்பேவின் அப்பா கேமரூன் வழி, அம்மா அல்ஜீரிய வழி. அவர் பிறந்தது பாரிஸ், வளர்ந்தது போந்தி. போந்திக்குக் கொஞ்ச தூரத்தில்தான் லா கூர்னவ். அங்கே கோயில் தேர் இழுக்கிற, மளிகைக் கடையில் முருங்கைக்காய் விற்கிற நம் சனங்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். என் அண்ணன் பேரன் அங்கே பிறந்தவன். ஒரு கிளப்பில் பந்தாடுகிறான், வயது பன்னிரண்டு. நாளைக்கு அவன் அந்த நீலச் சட்டையைப் போட்டால் "இவன் எந்த ஊர்?" என்று கேட்பீர்களா? சொல்தா பென்ஷனில் படித்த ஊரிலிருந்து அந்தக் கேலி வரக்கூடாது. பிரான்ஸ் தோற்கும் என்று நானும்தான் சொல்கிறேன். தியோவுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைக் காட்டிச் சொல்கிறேன், யாருடைய தோலையும் காட்டிச் சொல்லவில்லை.

அடுத்தது எல்லாருக்கும். கேள்வி கேட்டவர்களில் ஐந்தாறு பேர், "சார், உறுதியா சொல்லுங்க, கொஞ்சம் போடலாம்னு இருக்கேன்" என்றார்கள். போடுவது என்றால் என்ன என்று எனக்குப் புரியும். செல்போனில் பந்தயம்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். மகன் என்னிடம் படித்தவன். யார் என்று ஆராயாதீர்கள், சொல்ல மாட்டேன். அர்ஜென்டினா–சவுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா ஜெயிப்பது "ஷ்யூர்" என்று பணம் கட்டியிருக்கிறான். போனதை எடுக்க அடுத்த நாள் ஜெர்மனி ஜப்பானை ஜெயிக்கும் என்று கட்டியிருக்கிறான். அதுவும் போயிற்று, ஜப்பான் 2-1. பிறகு வண்டி அடகுக்குப் போனது. பிரேசில் ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று கடன் வாங்கிக் கட்டியதை குரோஷியா ஷூட் அவுட்டில் முடித்துவைத்தது அதற்குப் பிறகு எனக்குத் தெரிய வந்தது. மூன்றும் உலகமே "நிச்சயம்" என்று சொன்ன ஆட்டங்கள்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அக்டோபர் 19-ஆம் தேதி இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றி, அது ஆளுநரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. வந்தாலும் வாஞ்சூர் வரைதான். நம் பக்கம் புதுச்சேரி. செல்போனுக்கு செக்போஸ்ட் ஏது? அதனால் சட்டத்தை எதிர்பார்க்காமல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, இரண்டு டீமும் சமம் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் கட்டினால், ஜெயித்தால் 190 தருகிறேன் என்கிறான் பந்தயக்காரன். எந்த டீம் மேல் கட்டினாலும் 190. நீங்கள் நூறு தடவை கட்டினால் கையிலிருந்து போவது 10,000. சராசரியாக 50 தடவை ஜெயிப்பீர்கள், வருவது 9,500. மீதி 500 எங்கே? அதுதான் அவன் வருமானம். யார் ஜெயித்தாலும் அவனுக்குக் கவலை இல்லை, கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டே இருந்தால் போதும். என்னுடைய 55 சரியாகவே இருந்தாலும், நூற்றுக்கு 45 தடவை நீங்கள் தோற்பீர்கள். அந்த 45 நாளைக்கே வரலாம். வண்டியை அடகு வைத்தவனுக்குச் சராசரி வரும் வரை காத்திருக்க நேரம் இருக்காது. ஆகவே என் கணிப்பை எடுத்துக்கொண்டு போய் யாராவது ஒரு ரூபாய் கட்டினாலும் அவர் என் மாணவர் என்று வெளியே சொல்ல வேண்டாம்.

பிறகு எதற்குக் கணிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஆட்டத்தை நன்றாகப் பார்ப்பதற்காக. காரணம் எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்தால், பந்து எங்கே போகிறது என்று மட்டும் பார்க்க மாட்டீர்கள். எம்பாப்பே திரும்பி வருகிறாரா, கிரீஸ்மேன் யார் பக்கத்தில் நிற்கிறார், டி பால் எத்தனை முறை ஓடுகிறார் என்று பார்ப்பீர்கள். நாம் எழுதியது எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்பது ஆட்டத்தின் நடுவிலேயே தெரியும். கோல் விழாத நிமிடங்களும் சுவையாக இருக்கும். அந்தச் சுகத்துக்குப் பைசா செலவில்லை.

நாளை ஞாயிறு, மார்கழி 3. ஆட்டம் நம் நேரம் இரவு 8.30, லுசைல் மைதானம். மெஸ்ஸிக்கு அது 26-ஆவது உலகக் கோப்பை ஆட்டம். இவ்வளவு ஆட்டம் ஆடியவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. இன்று இரவு குரோஷியாவும் மொராக்கோவும் மூன்றாம் இடத்துக்கு ஆடுகின்றன, அதையும் விட்டுவிடாதீர்கள். அரையாண்டுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், படிப்பை மாலைக்குள் முடித்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூடுதல் நேரம் போனால் பதினொன்று மணி ஆகிவிடும். போகும் என்றுதான் நான் சொல்கிறேன்.

சார்சேலில் இருக்கும் அண்ணன் மகனுக்கு: சித்தப்பா துரோகி இல்லைப்பா. பிரான்ஸ் ஜெயித்தால் முதல் போன் என்னுடையதாகத்தான் இருக்கும். பெரியம்மா படத்துக்குக் கீழே ஒரு விளக்கும் ஏற்றி வைக்கிறேன்.

மற்றவர்கள் கீழே உங்கள் விடையை எழுதுங்கள். ஸ்கோர் மட்டும் எழுதிவிட்டு ஓடக் கூடாது, குறைந்தது இரண்டு காரணமாவது வேண்டும், நூற்றுக்கு எத்தனை என்றும் போட வேண்டும். நாளை மாலை ஆறு மணிக்கு மேல் வருவதை ஏற்க மாட்டேன். திங்கட்கிழமை காலை உட்கார்ந்து திருத்துகிறேன். விடை தப்பாக இருந்தாலும் வழிமுறை சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. காரணம் எழுதாமல் விடை மட்டும் எழுதியவர்களுக்கு, விடை சரியாகவே இருந்தாலும், பழைய வழக்கப்படி முட்டைதான்.